ஒற்றைக் கொடி

வண்ணார்பேட்டையில் பாத்திரக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில்
எங்களுக்குக் காலை ஒன்பதேகால்.
மெல்போர்னில் மதியம் திரும்பியிருக்கும்.
அங்கே குளிர்காலம்.
இங்கே ஆனிக் காற்று
ஜன்னல் கதவைப் போட்டு அடிக்கிறது.

யார் ஆடினாலும் திரையில்
சொந்த மைதானத்தார் சிவப்பு, வந்தவர் நீலம்.
சிவப்பு எனக்கு, நீலம் இசக்கியம்மாளுக்கு.
உதைத்தால் ஒன்றை அழுத்தணும்.
கையால் குத்திக் கொடுத்தால் இரண்டு,
தாவிப் பிடித்தால் மூன்று,
மடக்கி வீழ்த்தினால் நான்கு.
பந்தோ உருண்டையில்லை, பப்பாளி.
தரையில் பட்டு எந்தப் பக்கம் எழும்பும் என்று
அதற்கே தெரியாது.

'என்னளா இது, கபடியா அடிதடியா?'
என்று முதல் வாரம் கேட்டவள்
இப்போது முதுகு எண்ணைப் பார்க்காமல்
ஓட்டத்தை வைத்தே ஆளைச் சொல்கிறாள்.

இரண்டு வருஷத்தில் நூற்றுப்பதினான்கு ஆட்டம்.
யாரும் கேட்காமலே
ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதிகம் மடக்கி வீழ்த்தியவர்கள் ஜெயிப்பார்கள்
என்றுதான் நினைத்திருந்தேன்.
பாதிக்கு மேல் தோற்றவர்கள்.
பந்து கையில் இல்லாதவன்தானே
அடுத்தவன் இடுப்பைப் பிடிக்கிறான்.
உதையின் எண்ணிக்கையும் ஏமாற்றும்:
பக்கத்து ஆளுக்கே தட்டித் தட்டிப்
பொழுதைப் போக்கினாலும் ஏறும்.
கொஞ்சம் நம்பலாம் என்று நின்றது ஒன்றுதான்.
கும்பலுக்கு நடுவே
யாருடையதும் இல்லாமல் கிடக்கும் பந்தைக்
குனிந்து எடுத்தது யார்?
அதுவும் பத்துக்கு ஏழுதான்.
மற்ற மூன்றை நோட்டில் காலியாக விட்டிருக்கிறேன்.

கம்பங்கள் நான்கு.
நடு இரண்டுக்குள் போனால் ஆறு.
ஓர இடைவெளியில் போனால் ஒன்று.
'தவறினதுக்கும் மார்க்கா?' என்றாள் இசக்கி.
நான் குரூப் ஃபோர் மூன்று தடவை எழுதியவள்.
கடைசித் தடவை ஒன்றரை மதிப்பெண்ணில் போனது.
அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை
சிவப்புக்கு உதை கூடுதல், பிடி கூடுதல்,
குனிந்து எடுத்ததும் கூடுதல்.
ஆறுகள் ஏழு, ஒற்றைகள் பத்தொன்பது: அறுபத்தொன்று.
நீலத்துக்கு
ஆறுகள் பத்து, ஒற்றைகள் நான்கு: அறுபத்துநான்கு.

ஜெபசிங் சார் பின்னால் வந்து நின்றார்.
'மாத்தி அழுத்திட்டியளோ? திரும்ப ஓட்டிப் பாருங்க.'

ஓட்டினேன். அழுத்தியதெல்லாம் சரி.
மூன்றாம் கால்பகுதியில் ஒரே முனையில் ஒன்பது ஒற்றை.
கூரையிலிருந்த கொடிகள் இடப்பக்கமே சாய்ந்து கிடந்தன.
காற்று!
கத்தியே விட்டேன்.
காற்றுக்கு எங்கள் பலகையில் எண் இல்லை.
'அதே முனையிலதான்ளா நாலாவதுல நீலமும் அடிச்சான்,
அதே காத்து, அஞ்சு ஆறு'
என்றாள் இசக்கி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

'தோல்விக்குக் காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
பட்டியலில் பதினோரு காரணங்கள்.
எதையும் தொடாமல் அனுப்பினேன்.

ஆனால் திரும்ப ஓட்டியபோதுதான் அந்த ஆளைப் பார்த்தேன்.
கம்பத்தடியில் தொப்பி போட்ட நடுவர்.
ஒவ்வொரு தவறலுக்கும்
முதலில் ஒரு விரலை நீட்டுகிறார்.
பிறகு ஒரு கொடியை எடுத்து
மைதானத்தின் மறுகோடிக்குத் தெரிகிற மாதிரி
அசைக்கிறார்.
பத்தொன்பதாவது தடவையும்
முதல் தடவை அசைத்தது போலவே.

தோற்ற அணிக்காரி டீ வாங்கணும், அது எங்கள் ஒப்பந்தம்.
'வெறும் மூணு' என்றேன்.
'மூணுன்னா மூணுதான். சீனி கம்மியாச் சொல்லு.'

மூன்று பத்துக்கு அடுத்த ஆட்டம்.
நிறத்தை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன்.
மாட்டேன் என்றுவிட்டாள்.